ஆடிஷனுக்கு நேரில் போவதா, வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புவதா?

கோலாலம்பூரில் தமிழ்த் தொடருக்கோ டெலிமூவிக்கோ ஆள் தேடும் அறிவிப்புகளின் அடியில் இப்போது அடிக்கடி ஒரு வரி இருக்கிறது: "நேரில் வரலாம், அல்லது காணொளி அனுப்பலாம்." 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது வேறு வழியில்லாமல் கைப்பேசி முன்னால் நடித்து அனுப்பத் தொடங்கினோம். ஆணை நீங்கிய பிறகும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. நடிக்க வருகிறவர்களுக்கு அது நல்லதுதான், முன்பு இல்லாத ஒரு தேர்வு கையில் இருக்கிறது. ஆனால் அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான். தள்ளியிருக்கும் கிள்ளானில் இருப்பவர் காணொளி அனுப்புகிறார். நகருக்குள்ளேயே பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் நேரில் போய்விடுகிறார்.

தூரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய காரணம். நான் தேர்வுக்கு நிற்கும் நடிகனாகவும் இருந்திருக்கிறேன், தேர்வு நடக்கும் அறையில் எதிர் வசனம் படித்துக் கொடுப்பவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகப் புரிகிறது. நேரில் போனால் உங்களைத் திருத்த ஒருவர் இருப்பார், ஆனால் வாய்ப்பு ஒன்றோ இரண்டோதான். வீட்டில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் திருத்த யாரும் இல்லை. உங்களுக்கும் அந்த வேடத்துக்கும் இந்த இரண்டில் எது அதிகம் தேவை என்பதுதான் கேள்வி.

ஒரே காட்சி, இரண்டு இடம்

சும்மா பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். குடும்பத் தொடர் ஆடிஷனில் வழக்கமாகத் தரும் வகைதான். மகள் பெயர் கவிதா. காலை நேரம், அப்பா முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, பசியாறிட்டீங்களா?"
"ம்... ஆச்சு. நீ வேலைக்குப் போகல?"
"லீவு போட்டிருக்கேன்பா."
"நேத்தும் லீவுன்ன."
"...தேத்தண்ணி போடவா?"

ஐந்து வரிதான். தாளின் மேலே ஒரு குறிப்பும் இருக்கும்: கவிதாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது, அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இதை நேரில் செய்ய வருகிறவர்களில் பாதிக்கு மேல் முதல் வரியிலேயே கண்கலங்கிவிடுவார்கள். குறிப்பில் சோகம் இருக்கிறது, அதனால் சோகத்தை நடிக்கிறார்கள். அப்போது இயக்குநர் சொல்வார்: "சரிம்மா, நல்லாருக்கு. இப்போ அப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு தடவ சொல்லுங்க."

இந்த இடத்தில்தான் முடிவு நடக்கிறது. சிலர் முன்பு செய்ததையே கொஞ்சம் அழுத்தமாகத் திரும்பச் செய்வார்கள். சிலர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். "பசியாறிட்டீங்களா" என்று கேட்கும்போதே மேசையைத் துடைக்க ஆரம்பிப்பார். "லீவு போட்டிருக்கேன்பா" சாதாரணமாக, கொஞ்சம் வேகமாக வரும். "நேத்தும் லீவுன்ன" என்று நான் படித்ததும் துடைக்கும் கை நிற்கும். பிறகு மறுபடி துடைத்துக்கொண்டே தேத்தண்ணியைப் பற்றிக் கேட்பார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இயக்குநர் அங்கே தேடுவது இந்த மாற்றத்தை. தொடர் படப்பிடிப்பில் ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும், நடிகரை உட்கார வைத்துப் பாடம் எடுக்க நேரம் கிடையாது. ஒரு வாக்கியத்தில் சொன்னதை அடுத்த டேக்கில் செய்து காட்டக்கூடியவர் யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் முதல் முறை சுமாராகச் செய்து, திருத்தம் சொன்னதும் மாறியவர், முதல் முறையே அருமையாகச் செய்து மாறாமல் நின்றவரைத் தாண்டிப் போவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது இதே காட்சி காணொளியாகப் போகிறது. முதல் வரியில் கண் கலங்கியிருந்தால் பார்ப்பவர் அடுத்த கோப்பைத் திறந்துவிடுவார். "தெரியவே கூடாதுன்னு நினைச்சுச் சொல்லுங்க" என்று அவர் சொல்ல நினைத்தாலும் உங்களுக்குக் கேட்காது. ஆக அந்தத் திருத்தத்தை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டு, திருத்திய பிறகு வருவதைத்தான் அனுப்ப வேண்டும்.

அதற்கு நான் செய்வது: முதல் டேக் மனம் போனபடி எடுத்துவிடுவேன். அது பெரும்பாலும் எல்லோரும் செய்வதுதான், அதை அனுப்ப மாட்டேன். பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்த ஆள் எதிரில் இருப்பவருக்கு எது தெரியக் கூடாது என்று நினைக்கிறான்? இரண்டாவது டேக் அதை மட்டும் வைத்து. மூன்றாவதில் கைக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஐந்தாறு டேக்கோடு நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் போனால் வசனம் தேய ஆரம்பித்து, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும். இரண்டு டேக் அனுப்பலாம் என்று அறிவிப்பில் இருந்தால் ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபட்ட இரண்டை அனுப்புங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு அனுப்பினால் ஒன்றை அனுப்பியதற்குச் சமம். மாறுபட்ட இரண்டைப் பார்க்கும் இயக்குநருக்கு, இவர் திருத்தினால் மாறுவார் என்பது நேரில் பார்க்காமலே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நேரில் செய்தபோது கை நின்றதுதான் காட்சியின் உயிர். காணொளியில் வழக்கமாகக் கேட்பது மார்பளவுச் சட்டகம், அதில் கை தெரியாது. அப்போது அதே தயக்கம் மூச்சிலும் கண்ணிலும் வர வேண்டும்: "நேத்தும் லீவுன்ன" என்று கேட்டதும் இமை ஒரு கணம் நிலைத்து, பாதி உள்ளே போன மூச்சு அங்கேயே நிற்க வேண்டும். அறைக்காகத் தயார் செய்த நடிப்பை அப்படியே கைப்பேசி முன்னால் செய்து அனுப்பினால் அதில் பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஒரே காட்சிதான், ஆனால் இடத்துக்கு ஏற்ற மாதிரி மறுபடி யோசித்தாக வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்

இதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. புதியவர்கள், அதாவது ஒரு தொடரில்கூட முகம் காட்டாதவர்கள், முடிந்த வரை நேரில் போக வேண்டும். வேடம் கிடைக்கிறதோ இல்லையோ, உங்கள் நடிப்பைப் பற்றி ஓர் இயக்குநர் ஒரு வாக்கியம் சொல்கிறாரே, அது வேறெங்கும் காசு கொடுத்தாலும் கிடைப்பது கடினம். காணொளி அனுப்பினால் "கிடைத்தது", "நன்றி, அடுத்த முறை பார்க்கலாம்" இரண்டில் ஒன்றுதான் வரும், பல நேரம் அதுவும் வராது. ஒரு வருடம் காணொளி மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கும் புதியவர், ஒரே தவற்றை வருடம் முழுக்கச் செய்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை.

நகைச்சுவை வேடத்துக்கும் நேரில்தான். நகைச்சுவை எதிராளியின் மூச்சைப் பார்த்து விடும் நேரக்கணக்கில் இருக்கிறது. கைப்பேசிக்குப் பக்கத்தில் நின்று தங்கச்சி ஒப்புக்குப் படித்துக் கொடுக்கும் வசனத்துக்கு அது வராது. அறையில் நாலு பேர் இருந்தால் போதும், அவர்கள் சிரிப்பை அடக்குவது தெரிந்தாலே உங்கள் அடுத்த வரி தானாகச் சரியான இடத்தில் விழும்.

அமைதியான, உள்ளுக்குள் நடக்கிற வேடங்களுக்கு நான் காணொளியைத் தேர்ந்தெடுப்பேன். கணவனை இழந்து பேச்சே குறைந்துபோன பெண், குற்றத்தை மறைக்கும் மருத்துவர், இப்படிப்பட்டவை. தேர்வு அறையில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், அடுத்த ஆள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார், உதவி இயக்குநர் பெயர்ப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார். சின்ன விஷயங்கள் அங்கே தொலைந்துபோகும். கைப்பேசி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் நடிக்க வருகிறவர்களில் பரதநாட்டியம் கற்றவர்கள் நிறையப் பேர். 1981-இல் தொடங்கி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் சின்ன வயதிலிருந்தே அபிநயம் பழகியவர்கள். அவர்களுடைய உடல் கட்டுப்பாடும் துணிச்சலும் மற்றவர்களுக்கு லேசில் வராது. ஆனால் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய புருவ அசைவு, ஒரு மீட்டர் தள்ளி வைத்த கைப்பேசியில் மிகையாகத் தெரியும். இவர்கள் நேரில் போனால் இயக்குநர் "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்பார், அவர்களும் உடனே குறைத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தசை அவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கும். காணொளிதான் அனுப்ப முடியும் என்றால் ஒரு வழி: ஒலியை மூடிவிட்டு உங்கள் டேக்கைப் பாருங்கள். ஒலியில்லாமலே கதை முழுவதும் புரிந்தால் முகம் அளவுக்கு மீறிப் பேசுகிறது என்று பொருள்.

மேடை நாடகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேரில் போங்கள். செந்தூலில் பழைய ரயில்வே பட்டறையில் 2005-இல் திறந்த கேஎல்பேக் மாதிரி ஓர் அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேவைப்படுவது வயிற்றிலிருந்து வரும் குரலும், வெற்று மேடையில் நிற்கத் தெரிந்த உடம்பும். கைப்பேசி ஒலிவாங்கி சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்யும்படி அமைக்கப்பட்டது. நீங்கள் மெதுவாகப் பேசினால் தூக்கிவிடும், ஓங்கிப் பேசினால் அமுக்கிவிடும். உங்கள் குரலின் உண்மையான வீச்சு அதில் தெரியாது. மேடைத் தேர்வில் பத்துப் பேரை ஒன்றாக நிற்க வைத்து ஒரு சூழ்நிலை கொடுத்து விளையாடச் சொல்வார்கள். அதைக் காணொளியில் காட்ட வழியே இல்லை.

நேரலை வீடியோ அழைப்பு என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. முதல் சுற்றுக்கு எனக்கு அதில் விருப்பம் இல்லை. இணைப்பு இழுபடும், உங்கள் வசனத்துக்கும் எதிர் வசனத்துக்கும் நடுவே அரை விநாடி இடைவெளி விழும், காட்சியின் தாளமே உடைந்துவிடும். இயக்குநர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், உங்கள் காணொளியைப் பார்த்துப் பிடித்திருக்கிறது, பேசிப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றால் அதற்கு அது போதும்.

வீட்டில் எடுப்பதாக முடிவு செய்தால்

நம்மவர்கள் அனுப்பும் காணொளிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை நடிப்பில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று எடுக்கிறார்கள். கைப்பேசி சட்டகம் முழுவதையும் பார்த்து வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பின்னால் பெரிய வெள்ளைப் பரப்பு இருந்தால் "அதிக வெளிச்சம்" என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். நம் நிற முகங்கள்தான் அதில் முதலில் அடிபடும், கண் இருக்கும் இடமே நிழலாகிவிடும். எத்தனையோ நல்ல நடிப்பு இப்படிப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது. சாம்பல் அல்லது மங்கிய நீல நிறத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து நாலடி முன்னால் நில்லுங்கள். திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் குவியமும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

குழல் விளக்கில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக மினுக்கம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. விநாடிக்கு 30 சட்டகம் என்ற வழக்கமான அமைப்பு அதோடு ஒத்துப்போகாது. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் பிஏஎல் (PAL) வடிவங்களைக் காட்டும்படி மாற்றிவிட்டால் 25 சட்டகம் என்ற தெரிவு வரும், அதில் எடுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ரோ வீடியோ முறை இருந்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் விளக்கை அணைத்துவிட்டுக் காலைச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. எப்படியும் காலையில்தான் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் பிற்பகலில் இடியும் மழையும் வந்துவிடும், அப்புறம் கூரைச் சத்தத்தில் எந்த வசனமும் கேட்காது. விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் போட்டுக்கொள்ளலாம்.

முன்பக்கக் கேமராவில் உங்களையே பார்த்துக்கொண்டு நடிக்காதீர்கள். கண் தானாகத் திரைக்குப் போகும், பொய்யாகத் தெரியும். பின்பக்கக் கேமரா, கண் உயரத்தில், படுக்கைவாட்டில். கைப்பேசியை முகத்துக்கு நெருக்கமாக வைத்தால் மூக்கு பெரிதாகி முகம் கோணலாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எதிர் வசனம் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டி, பக்கத்திலேயே நிற்கட்டும். அவர் ஒலிவாங்கிக்கு அருகில் இருப்பதால் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும், தணிந்த குரலில் படிக்கச் சொல்லுங்கள். நடிகராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கதையைப் புரிந்துகொண்டு படிப்பவராக இருக்க வேண்டும். எதிர் வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட்டு அதற்கு நடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்த இடைவெளிகளுக்குள் உங்கள் நடிப்பு அடைபட்டுப் போகும்.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். கோப்புக்கு உங்கள் பெயரும் வேடத்தின் பெயரும் வையுங்கள். "வீடியோ 0047" என்ற பெயரில் வருவதை யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

நேரில் போவதாக முடிவு செய்தால்

காத்திருப்புதான் உண்மையான சோதனை. பத்து மணி என்று சொன்னது பன்னிரண்டரைக்குப் போகும். வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் கவிதா காணாமல் போய் அவர்களுடைய கவிதா உங்களுக்குள் வந்துவிடுவாள். தள்ளிப் போய் நில்லுங்கள். ஒத்திகையும் வேண்டாம். இதற்கு முந்தைய நிமிடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை மட்டும் யோசியுங்கள்: குளியலறையில் முகம் கழுவினாளா, வங்கிச் செய்தியைப் படித்தாளா? ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி "கொடுக்கப்பட்ட சூழ்நிலைகள்" என்று சொன்னது இதைத்தான். யார், எங்கே, சற்று முன் என்ன நடந்தது. உள்ளே நுழையும்போது அந்த நிமிடத்தோடு நுழைய வேண்டும்.

என்னைப் போல எதிர் வசனம் படிப்பவர்கள் பெரும்பாலும் உணர்ச்சி சேர்க்காமல்தான் படிப்போம். வந்திருப்பவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அது. அதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. சோர வேண்டாம், அப்பா அப்படித்தான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியில்லாமல் "நேத்தும் லீவுன்ன" என்று கேட்கும் அப்பா, கத்தும் அப்பாவைவிடப் பயமாக இருப்பார்.

தாளைக் கையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை, மனப்பாடமாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் தவறு. வரியைக் கண்ணால் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, எதிரிலிருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ஒப்பந்தத்தில், பதிவு செய்து அனுப்பும் தேர்வுக்கு வசனத்தை மனப்பாடம் செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, தயாராகக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும் என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். அது நமக்குப் பொருந்தாது. இங்கே ராத்திரி பத்து மணிக்கு வசனம் அனுப்பி விடிந்ததும் கேட்பார்கள். ஆனாலும் நியாயமான அளவு எது என்று தெரிந்திருந்தால், "அண்ணே, நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் நேரம் கொடுங்க" என்று தயங்காமல் கேட்க வரும். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

எந்தத் தமிழில் பேசுவது என்ற குழப்பத்திலும் நேரில் போவதற்கு ஒரு வசதி இருக்கிறது. வசனம் சில சமயம் எழுத்துத் தமிழில் இருக்கும், சில சமயம் சென்னைப் பேச்சில் இருக்கும், கதை நடப்பதோ கோலாலம்பூரின் செராஸில். அறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்: "நம்ம ஊர்ப் பேச்சாவே சொல்லலாமா?" காணொளியில் கேட்க முடியாது. குறிப்பில் எதுவும் இல்லையென்றால் நம் ஊர்ப் பேச்சிலேயே அனுப்புங்கள் என்பேன். நீங்கள் தினமும் பேசும் தமிழில் பொய் சொல்வது கடினம், அதனால் நடிப்பும் உண்மையாக வரும். வசனத்தின் பொருளையும் வரிசையையும் மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். பதிவுக் கட்டணம், புகைப்படக் கட்டணம் என்று 50 வெள்ளி (ரிங்கிட்) கேட்டாலும் 500 வெள்ளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். நடிகரைத் தேடுவது தயாரிப்பாளரின் செலவு. ஹோட்டல் அறையிலோ யாருடைய வீட்டிலோ தேர்வு என்றால் போகவே வேண்டாம். அலுவலகம் என்றாலும் முதல் முறை போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், கூட வந்தவரை வாசலில்கூட உட்கார விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை. காணொளி அனுப்புவது இந்த வகையில் பாதுகாப்பானது, ஆனால் அதற்கென்று வேறு ஆபத்து உண்டு: ஒருமுறை அனுப்பிய காணொளி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. முதல் சுற்றில் மைகார்டு அடையாள அட்டையின் நகலோ வீட்டு முகவரியோ தேவையில்லை. உடல் நெருக்கமான காட்சியையோ ஆடை குறைத்து நிற்பதையோ முதல் சுற்றுக் காணொளியில் கேட்டால், யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் முடிவு செய்ய முடியவில்லை என்றால்

கிள்ளானில் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேர்வு அங்காசபுரி பக்கம் என்றால் கொமுட்டர் ரயிலில் நேராக வந்து இறங்கிவிடலாம். புக்கிட் ஜாலில் என்றால் வழியில் ரயில் மாறி மாறி, அரை நாள் போய்விடும். இரவு வேலை முடிந்து தூங்காமல் நேரில் வந்து நிற்பதைவிட, ஓய்வு நாளில் நிதானமாக எடுத்த காணொளி நூறு மடங்கு மேல். தூக்கமில்லாத முகத்தையும் கேமரா பிடிக்கும், திருத்தம் சொன்னாலும் களைத்த மூளைக்கு ஏறாது. அவருக்கு நான் காணொளி என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அனுப்புவதற்கு முன் நடிப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "நல்லாருக்கா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இவ என்னத்த மறைக்கிறா?" என்று கேளுங்கள். பார்த்தவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னொரு டேக் எடுக்க வேண்டும்.

அதே ஊரில் வேலை நேரம் இடம்கொடுக்கும் ஒருவர், இரண்டு மூன்று காணொளி அனுப்பி எதற்கும் பதில் வராதவர் என்றால், அடுத்ததற்கு அரை நாள் விடுப்பு எடுத்தாவது நேரில் வரச் சொல்வேன். அவருக்கு இப்போது வேடத்தைவிடத் தகவல்தான் அவசரம்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். அறிவிப்பில் "அல்லது" என்று இருந்தால் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். இரண்டும் செய்தால் ஆர்வம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, பட்டியல் வைத்திருப்பவருக்கு இரட்டை வேலை. ஆனால் காணொளி பிடித்துப்போய் இரண்டாம் சுற்றுக்கு நேரில் கூப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் போவதற்கு முன் நீங்கள் அனுப்பிய அதே கோப்பைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் கூப்பிட்டது அதில் இருந்த ஆளை. அதே சட்டை, அதே தலைமுடி, தாடி வளர்ந்திருந்தால் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் முறை அந்தக் காணொளியில் இருந்ததைப் போலச் செய்யுங்கள், இயக்குநர் வேறு விதமாகக் கேட்டதும் அதை அங்கேயே விட்டுவிட்டு அவர் சொன்னதற்குப் போய்விடுங்கள்.